ஜிம்மி பாலிசிக்கு ஆட்-ஆன் சேர்த்த கதை

எங்க ஜிம்மி லேப்ரடார், 3 வயசு. போன வருஷம் அவனுக்கு வெறும் பேசிக் இன்சூரன்ஸ் பாலிசிதான் போட்டேன், அப்புறம் உண்ணிக்காய்ச்சல் வந்து ரத்த டெஸ்ட், டாக்சிசைக்ளின் மாத்திரைன்னு கிளினிக்குக்கு அலைஞ்சு பில்லெல்லாம் அனுப்புனா, அட்மிட் ஆகலையே சார், ஓபிடி (அட்மிட் ஆகாம பாக்குற வைத்தியம்) கவர் இல்லன்னு இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சுட்டாங்க.

இந்த தடவ ரினியூவலுக்கு முன்னாடி பழைய பில்லையெல்லாம் கட்டில்ல பரப்பிப் பாத்தேன், முக்கால்வாசி ஓபிடிதான். அத முதல்ல ஆட்-ஆனா, அதாவது பேசிக் பாலிசிக்கு மேல எடுக்குற கூடுதல் கவரா, சேர்த்தேன். அடுத்து தேர்ட் பார்ட்டி கவர் (நாயால வேற யாருக்காவது அடிபட்டா நஷ்டஈட்டுக்கு), ஏன்னா கூரியர் தம்பியப் பாத்தாலே நம்மாளு பாஞ்சுடுவான் (கடிக்க மாட்டான், ஆனா அது அந்தத் தம்பிக்குத் தெரியாதே). திருட்டு கவர் வேணாம்னு விட்டுட்டேன், வெளிய போறதே செயின்லதான். வெயிட்டிங் பீரியட் (பாலிசி ஆரம்பிச்சும் கிளைம் பண்ண முடியாத ஆரம்ப நாள்கள்) எத்தன நாள்னு மட்டும் மெயில்ல கேட்டு வாங்கி, தடுப்பூசி கார்டு ஃபோட்டோவோட சேர்த்து வச்சிருக்கேன்.