புது ஆங்கில ஆசிரியருக்கு வழிகாட்டப் போகிறீர்களா?

உங்களைப் போலவே ஆங்கிலத்தை இன்னொரு மொழியாகக் கற்று ஆசிரியரான ஒருவருக்கு வழிகாட்டும் பொறுப்பு வந்திருக்கிறதா? முதல் சில வாரங்களுக்கு அவர் உச்சரிப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள், மாணவர்களுக்குப் புரியாமல் போனால் மட்டும் சொல்லுங்கள். ‘என் ஆங்கிலம் போதாது’ என்ற பயத்தோடுதான் அவர் வகுப்புக்குள் நுழைகிறார், நீங்களும் அதையே நோண்டினால் பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு வரிகூடப் பேச மாட்டார்.

தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்பது தவறான நம்பிக்கை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இலேயே எழுதிவிட்டார். 1998இல் டீசால் என்ற சர்வதேச ஆங்கில ஆசிரியர் அமைப்புக்குள் நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு குழுவும் உருவானது. முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லுங்கள். தனக்கு மட்டும்தான் இந்தத் தயக்கம் என்று நினைப்பவருக்கு அது பெரிய தெம்பு.

சரி, வகுப்பைப் பார்க்கப் போகும்போது? முந்தைய நாளே ‘எதைக் கவனிக்கட்டும்?’ என்று அவரையே கேளுங்கள். ஒரே ஒரு விஷயம் போதும். கேள்வி கேட்டபின் மாணவர்களுக்கு யோசிக்க நேரம் தருகிறேனா என்று பார்க்கச் சொன்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்வி, காத்திருந்த வினாடிகள், யார் பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள், உங்கள் கருத்து ஒன்றும் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் தாளைக் கையில் கொடுத்துவிட்டு அவரை முதலில் பேச விடுங்கள். ஐந்து கேள்விக்கும் தானே பதில் சொல்லியிருந்தால் நீங்கள் சொல்லாமலே அவர் கண்ணில் படும்.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் டுடே’ சரியென்றால் ‘யெஸ்டர்டே’ மட்டும் ஏன் தப்பு என்று ஒரு மாணவர் கேட்கும்போதுதான் புதியவருக்கு வியர்க்கும். நேற்று முடிந்துபோன நேரம், அதோடு ‘ஹேவ் சீன்’ சேராது, இன்று இன்னும் முடியவில்லை. இந்த விதியில் குழம்பித் தெளிந்தவர்கள் நாம், மாணவர் எங்கே இடறுவார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பலத்தை அவருக்குக் காட்டிக்கொடுங்கள். விடை தெரியாவிட்டால் ‘பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்’ என்று தைரியமாகச் சொல்லலாம், ஆனால் மறுநாள் கட்டாயம் சொல்ல வேண்டும். அன்று மாலை இருவரும் சேர்ந்து அகராதியையும் இலக்கண நூலையும் புரட்டுங்கள்.

அப்புறம், உங்கள் வகுப்புக்கும் அவரை வரச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது நிர்வாகத்தின் காதுக்குப் போகிறது என்ற சந்தேகம் வந்துவிட்டால் அவர் அதன்பின் உங்களிடம் எதையும் மனம்விட்டுக் கேட்க மாட்டார், அதனால் அந்தக் குறிப்புத் தாளை நகல் எடுக்காமல் அவரிடமே விட்டுவிடுங்கள்.