அசைன்மெண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி லைப்ரரிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க

நீலகிரில ஒரு காலேஜ்ல பல வருஷமா லைப்ரரியனா இருக்கேன். ஒவ்வொரு செமஸ்டர்லயும் நடக்கற ஒரு விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கறேன். ஒரு நாள் மத்தியானம் திடீர்னு 60 பசங்க ஒண்ணா உள்ள வர்றாங்க, எல்லாருக்கும் ஒரே தலைப்பு, "நீலகிரியில் தேயிலை", எல்லாரும் கேக்கறது ஒரே புக், நம்மகிட்ட இருக்கறது ரெண்டே காப்பி. முதல்ல வந்த பொண்ணு ஒண்ணு எடுத்துட்டுப் போயிடுச்சு, இன்னொண்ண யாரோ ஒரு பையன் தனக்குன்னு கணக்கு புக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டான், அது கிடைக்கவே எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. மீதி 58 பேரும் போன்ல தேடி முதல்ல வந்த பக்கத்தை அப்படியே எழுதிக் கொடுத்தாங்க. பசங்க மேல தப்பே இல்ல. அந்தத் தலைப்பு போர்டுல எழுதப்படறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு நடந்ததே வேற மாதிரி இருந்திருக்கும். அதனால இதை முக்கியமா நம்ம மலைல பாடம் எடுக்கற சார் மேடம் எல்லாருக்காகவும் எழுதறேன், பசங்க படிச்சாலும் பிரயோஜனம்தான்.

முதல் வேலை, செமஸ்டர் தொடங்கறதுக்கு முன்னாடி உங்க சிலபஸ்ஸும், கொடுக்கப்போற தலைப்பும் லைப்ரரியன் கையில இருக்கணும். ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாலும் போதும். அது இருந்தா நாங்க என்ன பண்ணுவோம்னா, அந்தத் தலைப்புக்கு வேண்டிய புக்கெல்லாம் ஷெல்ஃப்ல இருந்து எடுத்து தனியா ஒரு ரேக்ல வெச்சு, வீட்டுக்கு 14 நாள் கொடுக்கறதை நிறுத்திட்டு, சாயங்காலம் எடுத்துட்டுப் போய் மறுநாள் காலைல பத்து மணிக்குள்ள திருப்பிக் கொடுக்கற மாதிரி மாத்திடுவோம். ரெண்டு காப்பி வெச்சு 60 பேருக்கு ஓட்டறதுக்கு இதைவிட நல்ல வழி நான் பாத்ததில்ல. புது புக் வேணும்னா இன்னும் சீக்கிரம் சொல்லுங்க, கொட்டேஷன் வாங்கி, கமிட்டில பாஸ் ஆகி, கோயமுத்தூர்ல இருந்து வண்டி ஏறி வந்து, ரிஜிஸ்டர்ல ஏத்தி அக்சஷன் நம்பர்ங்கற வரிசை எண் போட்டு ஷெல்ஃபுக்குப் போறதுக்குள்ள பாதி செமஸ்டர் ஓடிடும்.

ரெண்டாவது, தலைப்பை ஆளுக்கு ஒண்ணா பிரிங்க. இதுல எங்களையும் சேத்துக்கோங்க, ஏன்னா எந்தத் தலைப்புக்கு இங்க மெட்டீரியல் இருக்கு, எதுக்கு இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். "நீலகிரியில் தேயிலை"ன்னு கொடுத்தா அது கேள்வியே இல்ல, வெறும் பேரு. "கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிக்குக் கிடைக்கற பச்சைத் தேயிலை விலை பத்து வருஷத்துல எப்படி மாறிருக்கு"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு குன்னூர் ஏலத்தோட வார விலையைத் தேடணும், டீ போர்டு கணக்கைப் பாக்கணும், வீட்ல அப்பா வெச்சிருக்கற ஃபேக்டரி ரசீதை எடுத்து அது கூட ஒப்பிடணும். அந்த ரசீதும் ஆதாரம்தான், அதைப் பசங்களுக்கு நாமதான் சொல்லணும், அவங்களுக்கு ஆதாரம்னா இங்கிலீஷ்ல அச்சடிச்சது மட்டும்தான்னு ஒரு நினைப்பு இருக்கு.

அடுத்தது லைப்ரரி வகுப்பு. நிறைய காலேஜ்ல முதல் வாரமே முந்நூறு பேரைக் கூட்டிட்டு வந்து அரை மணி நேரம் சுத்திக் காட்டி அனுப்பிடறாங்க, அதுல ஒண்ணும் நிக்காது. கையில ஒரு அசைன்மெண்ட் இருக்கும்போது, தேவை இருக்கும்போது கூட்டிட்டு வாங்க, இருபது இருபது பேரா, ஒரு பீரியட். நீங்களும் கூட இருங்க, தயவுசெஞ்சு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போயிடாதீங்க. சார் நிக்கறாருன்னாலே பசங்க அதைப் பாடமா எடுத்துக்கறாங்க, சார் இல்லைன்னா அதை ஓய்வு நேரமா எடுத்துக்கறாங்க.

அந்த ஒரு மணி நேரத்துல நான் பண்றது இதுதான். முதல்ல கம்ப்யூட்டர் கேட்டலாக்ல, எங்ககிட்ட கோஹா சாஃப்ட்வேர், அதுல தேடி, புக் எந்த இடத்துல இருக்குன்னு காட்டற "கால் நம்பர்"ங்கற (call number) எண்ணை எழுதிட்டு வரச் சொல்லுவேன். அப்புறம் ஷெல்ஃபுக்கு அனுப்புவேன். பாடத்துக்கு ஒரு நம்பர்னு புக்கை அடுக்கற டியூயி முறைல தேயிலையைப் பயிரா பாத்தா 633.72, அதையே வியாபாரமா பொருளாதாரமா பாத்தா 338.17, நம்ம ஊரு சரித்திரம் 954.82, மலைல இருக்கற சமூகங்களைப் பத்தினது 305.8. அதாவது ஒரே தேயிலை நாலு இடத்துல உக்காந்திருக்கு. இதை நான் வாயால சொன்னா மண்டைல ஏறாது, நாலு பேரை நாலு ரேக்குக்கு அனுப்பி ஆளுக்கு ஒரு புக் எடுத்துட்டு வந்து மேஜைல வெக்கச் சொன்னா, ஒரே விஷயத்தை நாலு துறை நாலு விதமா பாக்குதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. பக்கத்துல இருக்கற புக்கையும் புரட்டிப் பாருங்கன்னு சொல்லி அனுப்புவேன், தேடின புக்கை விட அதுக்குப் பக்கத்துல இருந்த புக்தான் உதவிச்சுன்னு வந்து சொன்ன பசங்க நிறைய.

நம்ம நாட்டுல லைப்ரரி சயின்ஸுக்கு வழி போட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன், 1892ல சீர்காழில பொறந்தவர், சென்னை பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்துட்டு 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர். 1931ல அவர் எழுதின அஞ்சு விதில நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துங்கறது. வகுப்பும் லைப்ரரியும் ஒரே வேலையோட ரெண்டு கைன்னு எனக்குப் படறதுக்கு ஒரு காரணம் அவர் ரெண்டு வேலையும் பாத்தவர்ங்கறதுதான்.

இப்ப ஆன்லைன் விஷயம். என்-லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, காந்திநகர்ல இருக்கற இன்ஃப்லிப்நெட் நடத்தறது, காலேஜ்களுக்கு 6,000க்கு மேல ஜர்னல், அதாவது ஆய்விதழ், அதுல கிடைக்குது. உங்க காலேஜ் அதுல மெம்பர்னா யூசர் ஐடி லைப்ரரியன்தான் போட்டுக் கொடுக்கணும், போட்டுக் கொடுத்தும் ஒரு தடவை கூட உள்ள போகாத ஆசிரியர்கள் இருக்காங்க, பாஸ்வேர்டு மறந்திருந்தா வாங்க, ரெண்டு நிமிஷ வேலை. கவர்ன்மெண்ட் காலேஜ்னா 2025 ஜனவரி 1ல இருந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு மத்திய அரசே சந்தா கட்டற திட்டம் வந்திருக்கு, 30 பப்ளிஷரோட ஏறக்குறைய 13,000 ஜர்னல், உங்க காலேஜ் பதிவாகி இருக்கான்னு மட்டும் லைப்ரரில கேட்டுடுங்க.

ஆனா டிகிரி பசங்களுக்கு நான் முதல்ல காட்டறது ஜர்னல் இல்ல, சோத்கங்கா. இது ஒரு வெப்சைட், இந்தியா முழுக்க பிஎச்டி பண்ணினவங்களோட தீசிஸ், அதாவது ஆய்வேடு, அங்க இருக்கு, இலவசம், லாகின் வேண்டாம். அதுல ஒரு பெரிய சௌகரியம் என்னன்னா தீசிஸை அத்தியாயம் அத்தியாயமா தனித்தனி பிடிஎஃப்பா போட்டிருப்பாங்க, மஞ்சூர்லயும் பந்தலூர்லயும் ஒரு கோடு சிக்னல்ல இருக்கற பையனுக்கு முழு தீசிஸும் இறங்காது, ஒரு அத்தியாயம் இறங்கிடும். இதுக்கு முன்னாடி யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு சொல்ற அத்தியாயத்தை மட்டும் இறக்குங்கன்னு சொல்லுவேன், பெரும்பாலும் ரெண்டாவதா இருக்கும். அந்த ஒரு அத்தியாயத்துல இருந்தே அடுத்து என்ன படிக்கணும்னு ஒரு லிஸ்ட் கிடைச்சிடும். தமிழ்ல பழைய புத்தகம் வேணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம். தாத்தா பாட்டி இலங்கைல இருந்து வந்தவங்க, அதைப் பத்தி எழுதணும்னு கோத்தகிரி, கூடலூர் பசங்க கேப்பாங்க, அவங்க இங்க வர வழி பண்ணின 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், அப்புறம் அவங்களுக்கு வேலை கொடுத்த தமிழ்நாடு அரசோட டேன்டீ தேயிலைத் தோட்டம், அதுக்கெல்லாம் நூலகம்னு ஒரு இலங்கைத் தமிழ் டிஜிட்டல் லைப்ரரி இருக்கு, அங்க பழைய பத்திரிகை வரைக்கும் கிடைக்கும்.

தேடற வார்த்தையைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா நம்ம மலையைப் பத்தித் தேடறவங்க அதிகமா தடுக்கி விழறது இங்கதான். ஒரு பேப்பரை எடுத்து நடுவுல தலைப்பை எழுதிட்டு அதுக்கு தமிழ்ல என்ன வார்த்தை, இங்கிலீஷ்ல என்ன வார்த்தை, நூறு வருஷம் முன்னாடி என்ன வார்த்தைன்னு மூணு வரிசையா எழுதச் சொல்லுங்க. பச்சைத் தேயிலைக்கு கிரீன் லீஃப், சிறு விவசாயிக்கு ஸ்மால் டீ குரோயர், இலை வாங்கற ஃபேக்டரிக்கு பாட் லீஃப் ஃபேக்டரி, இது தெரியாம டீ டீன்னு தேடினா டீ குடிச்சா உடம்புக்கு நல்லதான்னுதான் வரும். பழைய ரெகார்டுல ஊட்டி ஊட்டக்கமண்ட்னு இருக்கும், நீலகிரி நெய்ல்கெரின்னு இருக்கும், படுகர்களை ஆரம்ப கால வெள்ளைக்காரங்க பர்கர்ஸ்னு எழுதி வெச்சிருக்காங்க. இடமும் மாறிருக்கு. 1868 வரைக்கும் நீலகிரி தனி மாவட்டம் இல்ல, கோயமுத்தூரோட சேந்தது, அதனால அதுக்கு முந்தின ரெகார்டை கோயமுத்தூர் பேர்ல தேடணும். கூடலூர் பக்கம் 1877 வரைக்கும் மலபார் மாவட்டம். கூடலூர் பையன் ஒருத்தன் தன் ஊரைப் பத்தி ஒண்ணுமே இல்லைன்னு ரெண்டு நாள் தேடி சோர்ந்து போய் வந்தான், மலபார்னு போட்டுப் பாருடான்னு சொன்னேன், அப்புறம் அன்னைக்கு அவனை பூட்டற நேரத்துலதான் கிளப்ப முடிஞ்சது.

கிடைச்சதை எல்லாம் நம்பலாமான்னா, இல்ல. யார் எழுதினது, எந்த வருஷம், இந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது, இந்த மூணு கேள்வியை நீங்க வகுப்புல திரும்பத் திரும்பக் கேட்டாதான் அவங்களுக்குப் பழகும், நான் வருஷத்துக்கு ஒரு மணி நேரம் சொல்லி அது வராது. விக்கிபீடியா பாக்காதேன்னு சொல்லாதீங்க, எப்படியும் பாப்பாங்க, கீழ இருக்கற மேற்கோள் லிஸ்ட்ல இருந்து ரெண்டு எடுத்துட்டு வந்து லைப்ரரில தேடுன்னு சொல்லுங்க. இப்ப ஏஐ வேற. ஒரு பொண்ணு ஆறு புக்கு பேரோட வந்தது, எழுத்தாளர், வருஷம், பப்ளிஷர் எல்லாம் சுத்தமா இருக்கு, நாங்க ரெண்டு பேரும் உக்காந்து தேடினா அதுல நாலு புக்கு உலகத்துலயே இல்ல. அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஏமாத்தணும்னு வந்த பொண்ணு இல்ல அது. அதுக்கப்புறம் என் வகுப்புல இது ஒரு பயிற்சியாவே ஆயிடுச்சு, ஏஐ கொடுத்த லிஸ்டைக் கொண்டு வா, ஒவ்வொண்ணும் நிஜமா இருக்கான்னு கேட்டலாக்லயும் சோத்கங்காலயும் பாத்து டிக் போடு.

குறிப்பு எடுக்கும்போதே பக்க நம்பரோட எழுதிக்கணும், கடைசி நாள் ராத்திரி தேடினா கிடைக்காது. கம்ப்யூட்டர் இருக்கறவங்களுக்கு மேற்கோள்களைச் சேத்து வெக்கற ஜோட்டெரோ சாஃப்ட்வேர் இலவசம், இல்லாதவங்களுக்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். பிஎச்டி பண்றவங்க காப்பியடிக்கறதைப் பத்தி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட 2018 விதியைத் தெரிஞ்சுக்கோங்க, தீசிஸ்ல மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10 சதவீதம் வரைக்கும்னா தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும், அதுக்கு மேல போகப் போக கடுமை. பசங்களுக்கு இந்த நம்பரைச் சொல்லி பயமுறுத்தறதை விட, ஒரு பாராவைப் படிச்சுட்டு புக்கை மூடி வெச்சுட்டு உன் வார்த்தைல சொல்லுன்னு வகுப்புலயே ரெண்டு தடவை பண்ண வெச்சீங்கன்னா அது ரொம்ப நாள் நிக்கும்.

காலேஜுக்கு வெளியேயும் நம்ம மலைல நிறைய இருக்கு. ஊட்டில 1859ல ஆரம்பிச்ச நீலகிரி லைப்ரரி இருக்கு, எம். பாலாடால பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கு, குன்னூர்ல உபாசி இருக்கு, 1893ல ஆரம்பிச்ச தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கம். கொடைக்கானல் பக்கத்து ஆசிரியர்களுக்கு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், செண்பகனூர் மியூசியம். இங்கெல்லாம் பசங்களைச் சும்மா அனுப்பிடாதீங்க, வாசல்லயே நிப்பாட்டிட்டா அவங்க அப்புறம் எங்கயும் போக மாட்டாங்க. லைப்ரரியன்கிட்ட சொல்லி காலேஜ் லெட்டர்ஹெட்ல ஒரு அறிமுகக் கடிதம், என்ன தலைப்பு, என்ன பாக்கணும், எந்தத் தேதின்னு எழுதி, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி அனுப்புங்க. பழங்குடி கிராமத்துக்கு, இல்ல ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) போய் பெரியவங்ககிட்டப் பேசப் போறாங்கன்னா அவங்க சம்மதம் கேக்கணும், பேர் போடலாமான்னு கேக்கணும், எழுதினதைத் திரும்பக் கொண்டு போய் படிச்சுக் காட்டணும்.

மழையையும் பஸ்ஸையும் கணக்குல எடுத்துக்கோங்க. ஜூலைல கூடலூர் பக்கம் கொட்டும், மரம் விழும், லீவு விடுவாங்க, குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர் நவம்பர்ல மண்ணு சரியும், அந்த வாரங்கள்ல கடைசித் தேதி வெக்காதீங்க. பாதிப் பசங்களுக்கு நாலு மணி பஸ்ஸை விட்டா வீட்டுக்கு வழி இல்ல, சாயங்காலம் லைப்ரரிக்குப் போன்னு சொன்னா அவங்களால முடியாது, அதனால டைம்டேபிள்லயே வாரம் ஒரு பீரியட் லைப்ரரின்னு போட்டு அதை வேற பாடத்துக்கு எடுத்துக்காம விட்டுடுங்க. அந்த பீரியட்ல வேண்டிய பிடிஎஃப் எல்லாம் இங்க வைஃபைல போனுக்கு இறக்கிட்டுப் போயிடட்டும், வீட்ல கரண்ட் இல்லைன்னாலும் படிக்கலாம்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன். அசைன்மெண்டைத் திருத்தி முடிச்சதும் நல்லா வந்த நாலஞ்சை, எழுதின பசங்க சம்மதத்தோட, லைப்ரரில ஒரு காப்பி கொடுங்க. பைண்ட் பண்ணி, நம்பர் போட்டு, நீலகிரி ரேக்ல வெச்சுடுவோம். போன வருஷம் ஒரு பொண்ணு தன் ஊர்ல தேயிலை வர்றதுக்கு முன்னாடி சாமையும் ராகியும் போட்ட நிலங்களைப் பத்தி அவங்க பாட்டிகிட்டக் கேட்டு எழுதினது அங்கதான் இருக்கு, இந்த வருஷம் மூணு பேர் அதை எடுத்துட்டுப் போயிருக்காங்க.