தீவுல போய் ஸ்பானிஷ் படிக்கணுமா, மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து கிளம்பறவங்களுக்கு

மக்கா, ஸ்பானிஷ் படிக்கணும், அப்படியே பையைத் தூக்கிட்டு தீவு தீவா சுத்தவும் செய்யணும்னு ஆசை உள்ளவங்க மொதல்ல ஒரு காரியத்த மனசுல வச்சுக்கிடுங்க, ஸ்பானிஷ இங்கிலீஷ் வழியா படிக்காதீங்க, தமிழ் வழியா படிங்க. களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைன்னு இந்தப் பக்கம் வளர்ந்த நமக்கு வீட்டுல தமிழ், பஸ்ல மலையாளம்னு ரெண்டு பாஷை சின்னதுலயே நாக்குல ஏறியாச்சு, அது ஸ்பானிஷுக்கு எவ்வளவு உதவும்னு நான் பனாமாவுல போக்காஸ் தெல் தோரோ தீவுகள்ல 4 வாரம் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது.

உச்சரிப்புல இருந்து தொடங்குதேன். ஸ்பானிஷ்ல "பெரோ"ன்னா ஆனால், "பெறோ"ன்னா நாய். "காரோ"ன்னா விலை ஜாஸ்தி, "காறோ"ன்னா வண்டி. என்கூட படிச்ச ஐரோப்பாக்காரங்க இந்த ற சத்தம் வராம நாள் பூரா கண்ணாடி முன்னாடி நின்னு பழகினாங்க, நமக்கு மரத்துல வர்ற ர வேற, பறவையில வர்ற ற வேறன்னு பாட்டி காலத்துல இருந்தே தெரியும். அங்க சொல்லோட மொதல் எழுத்தா r வந்தா எப்பவும் ற தான், அத மட்டும் ஞாபகம் வச்சா போதும். நாளைக்குன்னு சொல்ல "மஞானா", அன்னாசிப்பழம் "பீஞா", ஞான் ஞான்னு கேட்டு வளர்ந்த காதுக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்ல. ஆனா ஒரு இடத்துல நமக்கு அடி விழும், நோட்டுல தமிழ் எழுத்துல எழுதி வைக்காதீங்க. கோழிக்கறியும் "பொயோ", இலையில சுத்தி அவிக்கற சோளக் கொழுக்கட்டையும் "பொயோ"ன்னுதான் நம்ம எழுத்துல வரும், அங்க ஒண்ணு அழுத்திச் சொல்ற ப, இன்னொண்ணு பஸ்ல வர்ற மாதிரி மென்மையான ப, மாத்திச் சொன்னா தட்டுல வேற சாதனம் வரும். அதனால அவங்க எழுத்துலயே எழுதிப் பழகுங்க.

இலக்கணத்துக்கு வருவோம், இதுதான் முக்கியம். "எனக்கு மீன் பிடிக்கும்"னு நாம சொல்றோம்ல, அவங்களும் அப்படியேதான், "மே குஸ்தா எல் பெஸ்காதோ", அந்த "மே" தான் நம்ம "எனக்கு". "எனக்குத் தலை வலிக்குது", "மே துவேலே லா கபேஸா". இங்கிலீஷ மனசுல வச்சிட்டு "நான் விரும்பறேன்"னு தொடங்கினா இந்த இடத்துல குழம்பிப் போவீங்க, தமிழ்ல யோசிச்சா தானா வரும். வினைச்சொல்லும் அப்படித்தான், "பேசறேன்"னு சொன்னா நான்னு தனியா சொல்ல வேண்டியதில்லையே, அங்கயும் "ஆப்லோ"ன்னா பேசறேன், "ஆப்லாஸ்"னா பேசற, வாலப் பாத்தே ஆள் தெரிஞ்சிரும். நீ, நீங்க வித்தியாசமும் உண்டு, "தூ", "உஸ்தேத்". இங்கிலீஷ் "to be"க்கு அங்க "செர்", "எஸ்தார்"னு ரெண்டு வினைச்சொல் உண்டு, எல்லாரும் பயப்படற அந்த விஷயத்துக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன், தமிழ்ல "இருக்கேன், இருக்கு"ன்னு வாய்ல வந்தா எஸ்தார் (வீட்டுல இருக்கேன், சோர்வா இருக்கேன்), ஒண்ணுமே வராம "அவரு வாத்தியார்"னு முடிஞ்சா செர். எல்லா இடத்துலயும் சரியா வராது, ஆனா பாதிக்கு மேல வரும், தொடங்கறதுக்கு அது போதும். கஷ்டம்னா ஆண்பால் பெண்பால்தான், மேசைக்கெல்லாம் பெண்பால் போட்டு வச்சிருக்காங்க, அதனால சொல்லத் தனியா படிக்காம "லா மேசா"ன்னு சேத்தே படிங்க. மேசைன்னு கேட்டதும் நம்ம சொல் மாதிரி இருக்கேன்னு தோணுதா? போர்ச்சுகீஸ்காரங்க நமக்கு விட்டுட்டுப் போன சொல்லு அது, ஸ்பானிஷ் அந்தப் பாஷைக்குக் கூடப்பிறந்தது மாதிரி. அலமாரி அங்க "அர்மாரியோ", வாத்து "பாத்தோ", நம்ம குருசடியில நிக்கற குருசு அங்க "குரூஸ்".

கிளம்பறதுக்கு முந்தி வீட்டுல இருந்தே ரெண்டு மூணு மாசம் படிச்சிட்டுப் போங்க, டெல்லியில இருக்கற இன்ஸ்டிடியூட்டோ செர்வாந்தஸ் ஆன்லைன்லயும் கிளாஸ் எடுக்காங்க. அ ஆ அங்க போய்தான் படிப்பேன்னு போனா முதல் ரெண்டு வாரக் காசு வீண்.

விசா பத்தி ஒழுங்கா பாத்துக்கிடுங்க. பனாமாவுக்கு நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், ஆனா மல்டிபிள் என்ட்ரி அமெரிக்க விசா கையில இருந்து, அதுல ஏற்கெனவே ஒருதடவை போய் வந்திருந்தா தனியா எடுக்க வேண்டியதில்ல, நான் அப்படித்தான் போனேன். எத்தனை நாள் தங்க விடுவாங்கன்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எம்பசியில கேட்டுடுங்க. ரிட்டர்ன் டிக்கெட்டும் 500 டாலர் கைவசம் இருக்குங்கறதுக்கு அத்தாட்சியும் கேப்பாங்க. அமெரிக்கா வழியா பிளைட் மாறினா வெறும் மாறறதுக்குக்கூட அமெரிக்க விசா வேணும். பனாமாவுல நோட்டு எல்லாம் அமெரிக்க டாலர்தான், பால்போவாங்கற அவங்க காசு சில்லறையா மட்டும் வரும், மதிப்பு ஒண்ணுக்கு ஒண்ணு.

பனாமா சிட்டியில அல்ப்ரூக் பஸ் ஸ்டாண்ட்ல ராத்திரி பஸ் ஏறினா காலையில அல்மிரான்தே, அங்க இருந்து அரை மணி நேரம் படகு, கொலோன் தீவுல போக்காஸ் டவுன். பஸ்ல ஏசி எலும்புக்குள்ள போகும், போர்வை எடுத்துப் பை மேலயே வையுங்க. படகுல தண்ணி தெறிக்கும், பாஸ்போர்ட்டுக்கும் போனுக்கும் ட்ரை பேக் கண்டிப்பா வேணும். மழைய பொறுத்தவரை அங்க வருஷம் பூரா இடவப்பாதிதான், கொஞ்சம் காயறது பிப்ரவரி மார்ச்லயும் செப்டம்பர் அக்டோபர்லயும், அந்த மாசங்கள்ல போங்க.

ஸ்கூல் விஷயத்துல எனக்கு நடந்தத சொல்லுதேன். 4 வாரத்துக்கும் மொத்தமா பணம் கட்டினேன், பத்து பேர் உள்ள கிளாஸ்ல போட்டாங்க, பாதி நேரம் டீச்சர் இங்கிலீஷ்லயே விளக்கினாரு, கேட்டா பணம் திரும்பக் கிடைக்காதுன்னுட்டாங்க, ரெண்டாவது வாரம் தனி கிளாஸுக்கு மாத்தித் தரச் சொல்லி சண்டை போட வேண்டி வந்துச்சு. அதனால வாரா வாரம் கட்டுங்க, ஒருநாள் கிளாஸ்ல உக்காந்து பாத்துட்டு சேருங்க. இன்னொரு காரியம், போக்காஸ்ல இங்கிலீஷ் நெறைய பேருக்குத் தெரியும், வாழைத் தோட்ட வேலைக்கு கரீபியன் தீவுகள்ல இருந்து வந்தவங்க வம்சம் அங்க உண்டு, அவங்க வீட்டுப் பேச்சே குவாரி குவாரிங்கற, இங்கிலீஷ்ல இருந்து வந்த ஒரு கலப்புப் பாஷை, போதாததுக்கு டூரிஸ்ட் கூட்டம். ஹாஸ்டல்ல தங்கினா ஒரு வார்த்தை ஸ்பானிஷ் பேசாமயே மாசம் ஓடிரும். குடும்பத்தோட தங்குங்க, ஸ்பானிஷ் பேசற வீடான்னு கேட்டுட்டுப் போங்க.

நான் தங்கின வீட்டு அம்மாவ "தோஞா"ன்னு கூப்பிடுவேன், நம்ம ஊர்ல அக்கான்னு கூப்பிடற மாதிரி அது. ஒரு சாயங்காலம் அவங்க அடுக்களையில கிழங்கு வச்சிருந்தாங்க, பாத்தா நம்ம மரச்சீனி, அங்க "யூக்கா". கத்திய வாங்கி நீளமா ஒரு கீறு போட்டு தோல அப்படியே சுருட்டி உரிச்சேன், அவங்க கைய நிறுத்திட்டு யாரு கத்துக்குடுத்தான்னு கேட்டாங்க, "மி மமா"ன்னேன். அன்னைக்கு ராத்திரிக்குள்ள உரிக்க "பெலார்", அவிக்க "எர்விர்", தேங்காய் திருவ "றயார்"னு மூணு சொல்லு வந்துச்சு, இன்னும் மறக்கல. அவிச்ச கிழங்க மசிச்சு உள்ள இறைச்சி வச்சுப் பொரிக்கறது கரிமஞோலா, பச்சை ஏத்தங்காய ரெண்டு தடவை பொரிச்சு நடுவுல தட்டையா அமுக்கறது பதகோனேஸ், தேங்காய்ப்பால்ல சோறும் பயறும். கிளாஸ்ல படிச்சத சாயங்காலம் அடுக்களையிலயும் படகுத்துறையிலயும் பேசினாதான் நிக்கும். படகுல கால் வைக்கறதுக்கு முந்தி "குவாந்தோ குவேஸ்தா"ன்னு கூலி கேட்டுடுங்க, அதுவும் ஒரு பாடந்தான்.

போக்காஸ்ல பைப் வெள்ளம் குடிக்காதீங்க, வாங்கித்தான் குடிக்கணும். விடியக்காலமும் அந்தியும் கடற்கரையில "சித்ரா"ன்னு கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும், தேங்காயெண்ணெய் தேச்சிட்டுப் போனா எனக்குக் கடி கொறஞ்சுது. டெங்கு உண்டு, பகல்லயும் கொசு மருந்து போடுங்க. பிளஃப் பீச்ல இழுப்பு ஜாஸ்தி, நம்ம கடல்ல நீந்தினவன்னு இறங்காதீங்க. பாஸ்திமென்தோஸ் தீவுல விரல் நுனி அளவு செவப்புத் தவளை பாக்கலாம், தொடக் கூடாது, தோல்ல விஷம்.

வேற தீவு வேணும்னா, டொமினிக்கன் ரிபப்ளிக் உண்டு, செல்லுபடியான அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்தா போகலாம். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவோட இடம், அமெரிக்க விசாவே போதும், ஆனா அங்க பேச்சு வேகம், ஸ் சத்தத்த முழுங்கிருவாங்க, முதல் தடவைக்கு வேண்டாம்.

கடைசியா மஞ்சள் காய்ச்சல் ஊசி. பனாமாவுல இருந்து திரும்பி வரும்போது இந்தியாவுல அந்த கார்டு கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்லயும் கொச்சி துறைமுக சுகாதார ஆபீஸ்லயும் போடறாங்க, கிளம்பறதுக்கு குறைஞ்சது 10 நாள் முந்தி போட்டிருக்கணும், ஒருதடவை போட்டா ஆயுசு முழுக்க செல்லும். முட்டை அலர்ஜி இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அந்த மஞ்சள் கார்ட பாஸ்போர்ட் கவர்லயே சொருகி வையுங்க, பெரிய பையில போட்டு செக்-இன் பண்ணிட்டு கவுன்டர்ல நின்னு தேடாதீங்க.