பழைய ரிவால்வரின் வயதைக் கணிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

போன மாதம் டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் நான்கு படங்கள் அனுப்பினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். அவர் வைத்திருந்த ரிவால்வரை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று அவர் மனைவி கேட்டாராம். படங்களுக்குக் கீழே நண்பர் எழுதியிருந்தார்: "1906ஆம் வருஷத்துத் துப்பாக்கிண்ணா. குழல் மேலேயே வெட்டியிருக்கு, பாருங்க."

பார்த்தேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் .38 மிலிட்டரி அண்ட் போலீஸ் மாடல். குழலின் முதுகில் பொடி எழுத்தில் மூன்று தேதிகள்: 1906 பிப்ரவரி 6, 1909 செப்டம்பர் 14, 1914 டிசம்பர் 29. மூன்றுமே காப்புரிமை தேதிகள். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பாகத்துக்கு உரிமை வாங்கிய நாள்தான் அது, துப்பாக்கி பிறந்த நாள் இல்லை. அதே வரியைப் பல வருடங்களுக்கு மாற்றாமல் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் கடைசித் தேதியைப் பார்த்து "1914க்கு முந்தியது இல்லை" என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற மாடலிலும் இதே கதைதான். துப்பாக்கியின் உடற்கூடான பிரேமில் 1871 என்று இருக்கும், ஆனால் அந்த மாடலே 1873இல்தான் வந்தது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இடப்பக்கத்துக் கட்டைவிரல் பொத்தானை முன்னால் தள்ளி, தோட்டாக்கள் நிற்கும் உருளையான சிலிண்டரை வெளியே சாய்த்து, ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். ஒருவர் இறந்த பிறகு அவர் அலமாரியிலிருந்து எடுக்கிற துப்பாக்கியில் தோட்டா இருப்பது அபூர்வம் இல்லை. சீரியல் எண்ணைத் தேடும் ஆர்வத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

சிலிண்டரைத் திறந்ததும் அது தொங்கும் கையிலும் அதற்கு எதிரே பிரேமிலும் ஒரு எண் தெரியும். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சீரியல் எண் என்று எழுதி அனுப்புகிறார்கள். அது தொழிற்சாலையில் பாகங்களை ஜோடி சேர்க்கப் போட்ட எண். மெருகு போட அனுப்பிய பாகம் திரும்பி வரும்போது எந்தத் துப்பாக்கிக்குரியது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான எண் பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துப்பாக்கிகளில் அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் இருக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். 'வி' என்றால் 1942இல் தொடங்கிய போர்க்கால விக்டரி மாடல், 'சி' என்றால் போருக்குப் பிந்தையது. எழுத்தை விட்டுவிட்டால் கணக்கு பல வருடம் தள்ளிப்போகும்.

சரி, எண் கிடைத்தாலும் வருடம் கறாராகக் கிடைக்காது. எண் வரிசைப்படி துப்பாக்கிகள் கம்பெனியை விட்டுப் போகவில்லை. முன்னால் செய்தது கிடங்கிலேயே கிடந்து, பின்னால் செய்தது முதலில் போனதும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய பதிவேடுகளைப் பார்த்து, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தருகிறார்கள். நல்ல துப்பாக்கி என்றால் அந்தச் செலவு வீண் இல்லை.

எண்ணோடு உடம்பையும் படிக்க வேண்டும். 1899இல் வந்த முதல் மாடலில் தோட்டா தள்ளும் கம்பியின் முன்முனை அந்தரத்தில் நிற்கும். குழலுக்கு அடியில் அதைப் பூட்டும் மொட்டு 1902இல் வந்தது. திருகுகளை எண்ணுவதும் ஒரு வழி. பழைய மாடலில் பக்கவாட்டு மூடியில் நான்கு, டிரிகர் காப்புக்கு முன்னால் ஒன்று, ஆக ஐந்து. மூடியின் மேல் திருகு 1955 வாக்கிலும், காப்புக்கு முன்னால் இருந்தது 1961 வாக்கிலும் போய்விட்டன. நான்கில் ஒன்று மரப்பிடிக்கு அடியில் மறைந்திருக்கும். அதை எண்ணாமல் "நாலு திருகுதான்" என்று சொல்லி, 1920களின் துப்பாக்கியை 1950களுக்குக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் கைக்கு எதிரே மாடல் எண் பொறித்திருந்தால் 1957 அல்லது அதற்குப் பிந்தையது.

எனக்கு மனசு வலிக்கிற தவறு, பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதும், பளபளப்பாக்கிக் கெடுப்பதும்தான். நிக்கல் முலாம் போட்ட ஒரு ரிவால்வரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கம்பெனி போட்ட முலாம் என்றால் தோட்டாவை அடிக்கும் சுத்தியலும் டிரிகரும் வெள்ளையாக இருக்காது. சூடேற்றிக் கடினப்படுத்திய எஃகுக்குரிய நீலமும் பழுப்பும் குழம்பிய நிறத்தில், எண்ணெய் படலம் மாதிரி இருக்கும். அவையும் சேர்ந்து மின்னினால் பின்னால் யாரோ முலாம் போட்டிருக்கிறார்கள். நீலம் பூசியதில் பக்க மூடி பிரேமோடு சேரும் கோட்டை நகத்தால் வருடுங்கள். தொழிற்சாலை வேலையில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருக்கும். திரும்பத் தேய்த்ததில் ஓரம் மழுங்கி, நகம் தட்டும். திருகுத் துளையைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்திருக்கும், எழுத்துகளின் விளிம்பு கரைந்திருக்கும். அந்தக் குடும்பமே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்திருந்தால் ஆதாரமும் போச்சு, விலையும் போச்சு. துணியில் கொஞ்சம் எண்ணெய் போதும்.

கம்பெனிக்கே திரும்பிப் போய்ப் புதுப்பித்து வந்ததும் உண்டு. அடிப்பாகத்தில் எண்ணோடு ஒரு நட்சத்திரம் இருந்தால், அல்லது பிடிக்குள் மறையும் பிரேமில் மாதமும் வருடமுமாக ஒரு தேதி இருந்தால், அது புதுப்பித்த காலம். அதையே பிறந்த வருடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழலின் பக்கத்தில் "ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்" என்று இருப்பதாலேயே அவர்கள் செய்தது ஆகிவிடாது. ஸ்பெயினின் ஐபார் ஊர்ப் பட்டறைகள் இந்த உருவத்தை அப்படியே நகலெடுத்தன. அவற்றில் எழுதியிருப்பது செய்தவர் பெயர் இல்லை, போட வேண்டிய தோட்டாவின் பெயர்.

தோட்டா விஷயத்தில் இன்னொரு ஆபத்தான குழப்பம் உண்டு. .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) வேறு, .38 ஸ்பெஷல் வேறு. முதலாவதன் தோட்டாக் கூடு குட்டை, ஆனால் பருமன்: 0.386 அங்குலம். இரண்டாவது நீளம், 0.379 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போன விக்டரி மாடல்கள் முதல் வகைக்கானவை. போர் முடிந்ததும் வியாபாரிகள் பலவற்றின் குழலை வெட்டி, அறைகளை ஆழமாகக் குடைந்து, ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி செய்து விற்றார்கள். நுழைகிறதே என்று சுட்டால் கூடு உப்பிப் பிளக்கும். குழல் நீளத்தை அளக்கும்போதும் கவனம் வேண்டும். சிலிண்டரின் முன்முகத்திலிருந்து வாய் வரை அளக்க வேண்டும், பிரேமிலிருந்து இல்லை. ரெண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஆறரை அங்குலம் என்று வழக்கமான அளவு வராவிட்டால் வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

விற்பனைப் பேச்சில் அடிக்கடி வரும் "ஆன்டிக்" என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்ததற்குத்தான் அந்தப் பெயர். இந்த மாடல் அந்த எல்லைக்கு ஒரு வருடம் பிந்தி வந்தது.

நண்பரை மரப்பிடியைக் கழற்றச் சொன்னேன். கத்தியைவிட்டு நெம்ப வேண்டாம், திருகைப் பாதி தளர்த்தி அதன் தலையை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், எதிர்ப்பக்கப் பலகை தானாக விடும் என்றேன். இரவு ஒரு படம் வந்தது. வலப்பக்கப் பலகையின் உள்முகத்தில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, பென்சிலால் சாய்வாக எழுதிய ஆறு இலக்கம். பிடியின் அடியில் இருந்த அதே எண். 1920களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் இருந்த கம்பெனியின் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி எழுதியது, அழியாமல் இருந்தது.