குரோஷியால மதிய சாப்பாடு: மீன் பில்லுல மாட்டிக்காதீங்க

டுப்ரோவ்னிக், ஸ்ப்ளிட் பக்கம் புதுசா வர்றவங்க வருஷா வருஷம் ஒரே இடத்துல தான் சறுக்குறாங்க, ஒரு காலத்துல நான் சறுக்கின அதே இடம். வாசல்ல நின்னு கூப்பிடுற கடைக்குப் போகாதீங்கன்னு எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்டுடலாம்.

எடை கேக்காம மீனுக்கு சரி சொல்றது

இன்னமும் எனக்கு கடுப்பாகுறது இது தான். மெனுல முழு மீனுக்கு போட்டிருக்கறது பெரும்பாலும் கிலோ விலை. வெயிட்டர் தட்டுல நாலஞ்சு மீனை அடுக்கிக் கொண்டு வந்து, உங்க நாலு பேருக்கு இது கரெக்டா இருக்கும்னு பெருசா ஒண்ணக் காட்டுவாரு, நாமளும் தலையாட்டிடுவோம். தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு அப்படித்தான் ஆட்டுச்சு. கிலோ 80 யூரோ, மீன் 1.6 கிலோ, மீனுக்கு மட்டும் 128 யூரோ. சரி, ருசியாவது இருந்துச்சான்னா அதுவும் இல்ல, கிரில்ல ரொம்ப நேரம் கிடந்து சதையெல்லாம் வறண்டு பஞ்சா உதிருது, பசங்க பக்கத்துல வச்ச பிளிட்வா கீரையயும் உருளைக்கிழங்கயும் தின்னுட்டு எழுந்துட்டாங்க. சண்டை போடவும் வழியில்ல, மெனு ஓரத்துல பொடி எழுத்துல கிலோன்னு இருக்கு.

எடை போடறது சமைக்கறதுக்கு முன்னாடி, தலை முள்ளு எல்லாம் சேத்து. அதனால தராசுல வச்சுக் காட்டச் சொல்லுங்க, மொத்தம் எவ்ளோ ஆகும்னு அவர் வாயாலயே சொல்ல வைங்க. கூச்சப்பட இதுல ஒண்ணுமே இல்ல. அடுத்தது, கடல்ல பிடிச்சதா பண்ணை மீனான்னு கேளுங்க. ஒராடா, பிரான்சின் ரெண்டும் பெரும்பாலும் பண்ணைல வளர்க்கறது, சாப்பிடலாம், நல்லாவே இருக்கும், ஆனா கடல் மீன் விலைய அதுக்கு குடுக்கக் கூடாது.

ரெண்டே பேர்னா முழு மீனே வேணாம். கணவாய் மை போட்ட கருப்பு ரிசோட்டோ, இல்லன்னா பூண்டும் வெள்ளை வைனும் போட்டு செய்யற மட்டி புசாரா, அதுவும் டுப்ரோவ்னிக்குக்கு வடமேற்கே இருக்கற ஸ்டோன் ஊர் பக்கம் போனா கண்டிப்பா சாப்பிடுங்க, அந்த வளைகுடாலயே வளர்க்கற மட்டி.

போய் உக்காந்துட்டு பேக்கா கேக்கறது

பேக்கான்னா மூடி போட்டு மேல தணல் வச்சு மெதுவா வேக வைக்கற இறைச்சி, இல்லன்னா ஆக்டோபஸ். நேரம் பிடிக்கும், அதனால முதல் நாளே சொல்லி வைங்க.

பழைய விலைய நம்பி போறது

2023 ஜனவரி 1ல யூரோ வர்ற வரைக்கும் அங்க நாணயம் குனா. பழைய மெனு போட்டோல 120 குனான்னு இருந்தா அது 16 யூரோ, இப்ப அந்த விலையும் இருக்காது.

மாரெண்டாவ விட்டுடறது

டால்மேஷியால, அதாவது இந்தக் கடலோரப் பகுதில, வேலைக்குப் போறவங்க முற்பகல்ல சாப்பிடற சாப்பாடு, அன்னைக்கு அடுப்புல என்ன இருக்கோ அது தான், விலையும் கம்மி. சின்ன கொனோபாவா (உள்ளூர் சாப்பாட்டுக் கடை) பாத்து பதினொரு மணிக்கே போயிடுங்க, லேட்டானா தீந்துடும்.