மூன்று பேர் இருந்தால் போதும்: டம்மி வைத்து விஸ்ட் ஆடுவது எப்படி?

நான்கு பேர் ஆடும் ஆட்டத்துக்கு மூன்று பேர்தான் தேறினார்கள் என்றால், பேசாமல் ரம்மிக்குப் போய்விடுகிறோம். அப்படிப் போக வேண்டியதே இல்லை. வராத அந்த நாலாவது ஆளுக்கும் ஒரு கை சீட்டைப் போட்டு, அதை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்து ஆடலாம். அந்தத் திறந்த கைக்குப் பெயர் டம்மி. இரண்டு இரண்டு பேராக அணி சேர்ந்து ஆடும் விஸ்ட் என்ற சீட்டாட்டத்தில் இது பழைய வழக்கம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நாலு பேர் ஆட்டத்தைவிட இதுவே நல்ல தொடக்கம் என்பேன். இரண்டு கைகள் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

28 அல்லது 304 என்ற சீட்டாட்டங்களை ஆடிப் பழகியவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள்: இங்கே ஜாக்கியும் 9-உம் பெரிய சீட்டு இல்லை. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று இறங்கி 2 வரைக்கும் நேர் வரிசைதான்.

படி 1: உட்காருங்கள், போடுங்கள்

ஜோக்கர் நீக்கிய 52 சீட்டு. நான்கு திசைக்கு நான்கு இருக்கை. தெற்கில் இருப்பவருக்கு டம்மி கூட்டாளி. அவரை டம்மிக்காரர் என்று சொல்வோம். எதிரே வடக்கில் காலி இருக்கை. மேற்கும் கிழக்கும் எதிரணி.

பழைய விதிப்படி ஒவ்வொரு ரப்பரின் (பல ஆட்டங்கள் சேர்ந்த ஒரு தொடர்) தொடக்கத்திலும் முதலில் சீட்டு போடுவது டம்மியின் முறை. அந்த இருக்கையில் ஆள் இல்லை என்பதால் டம்மிக்காரர் அதன் சார்பில் போடுவார். டம்மியின் இடப்பக்கம் இருக்கும் கிழக்கில் தொடங்கி, கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாக, ஆளுக்கு 13. கடைசிச் சீட்டு டம்மிக்கு வரும். அதைத் திருப்பிக் காட்டுங்கள். அது எந்த இனமோ அதுதான் துருப்பு.

படி 2: டம்மியை விரியுங்கள்

பலரும் டம்மியின் சீட்டுகளைக் குவியலாகப் பரப்பிவிட்டு ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதி ஆட்டத்தில் ஒரு சின்ன கிளாவர் இஸ்பேட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது தெரியவரும். நான்கு இனத்துக்கும் நான்கு வரிசை வையுங்கள். ஒவ்வொரு வரிசையும் பெரியதிலிருந்து சின்னதாக டம்மிக்காரரை நோக்கி இறங்கி வரட்டும். துருப்பு வரிசை அவருடைய இடப்பக்க ஓரத்தில். விஸ்டிலிருந்து வளர்ந்த பிரிட்ஜ் என்ற ஆட்டத்தை ஆடுகிறவர்கள் இன்றும் இப்படித்தான் வைக்கிறார்கள்.

படி 3: ஆட்டம்

போட்டவரின் இடப்பக்கம் இருப்பவர் முதலில் இறங்க வேண்டும். நம் மேசையில் அது கிழக்கு. இறங்கிய இனம் கையில் இருந்தால் எல்லாரும் அதையே போட வேண்டும். இல்லாதவர் துருப்பால் வெட்டலாம், அல்லது வேறு ஏதாவது ஒரு சீட்டைக் கழித்துவிடலாம். நாலு சீட்டும் விழுந்ததும், பெரிய துருப்பைப் போட்டவருக்குப் பிடி, அதாவது அந்த நாலு சீட்டும் அவருக்கு. துருப்பே விழாவிட்டால் இறங்கிய இனத்தில் பெரியதைப் போட்டவருக்கு. பிடித்தவர்தான் அடுத்து இறங்குவார்.

டம்மியின் முறை வரும்போது எந்தச் சீட்டு என்று முடிவு செய்வது டம்மிக்காரர் மட்டுமே. எதிரணி அந்தச் சீட்டுகளைத் தொடக்கூடாது. புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: பிடி டம்மியின் சீட்டால் கிடைத்திருந்தால், அடுத்த சீட்டும் டம்மியிலிருந்துதான் இறங்க வேண்டும். 'எங்கள் அணிதானே பிடித்தது' என்று தன் கையிலிருந்து இறக்கக்கூடாது.

பழைய விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று: இனம் இருந்தும் டம்மி மாற்றிப் போட்டுவிட்டால் அதற்குத் தண்டனை கிடையாது. எதிரணியும் அந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது! கவனித்துச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

படி 4: எண்ணுங்கள், இதுதான் உயிர்

மூன்று பேருக்குமே 26 சீட்டு தெரியும்: தன் கையில் 13, டம்மியில் 13. ஆனால் டம்மிக்காரர் பார்க்கும் 26-உம் அவர் அணியின் சீட்டுகள். எதிரணியில் உள்ளவருக்கோ தன் கூட்டாளியிடம் என்ன இருக்கிறது என்பது தெரியாது. டம்மி கிடைத்தவருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான். அதனால்தான் டம்மி எல்லாருக்கும் முறை வைத்து மாறி வர வேண்டும்.

நீங்கள் டம்மிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். துருப்பு உங்களிடம் 4, டம்மியில் 5. ஆக 9, வெளியே 4. அவை ஆளுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும் என்றுதான் மனசு சொல்லும். உண்மையில் 3-1 ஆகப் பிரிவதற்கே வாய்ப்பு அதிகம்: நூற்றுக்கு ஏறக்குறைய 50 தடவை. 2-2 ஏறக்குறைய 40. நாலும் ஒரே கையில் இருப்பது 10. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் 'இரண்டு சுற்றில் துருப்பு தீர்ந்துவிடும்' என்று நம்பி ஏமாற மாட்டீர்கள்.

இன்னொரு வித்தை. டம்மியில் ஹார்ட்டின் ஏஸ், ராணி, 4. உங்களிடம் 5, 3. ராஜா எதிரணியில் யாரிடமோ இருக்கிறது. முதலில் ஏஸைப் போட்டு, அடுத்து ராணியைப் போட்டால் அநேகமாக ராஜா ராணியைத் தின்றுவிடும். அதற்குப் பதில் உங்கள் கையிலிருந்து 5-ஐ இறக்குங்கள். மேற்கு 8 போடுகிறார். இப்போது டம்மியிலிருந்து ராணி. ராஜா மேற்கிடம் இருந்தால், அவர் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார். ராணி பிடித்துவிடும், ஏஸ் இன்னும் பத்திரமாக இருக்கும். கிழக்கிடம் இருந்தால் ராணி போகும். பாதிக்குப் பாதி வாய்ப்பு, சும்மா கிடைக்கிறது. மூடிய கையோடு கூட்டாளி ஆடும்போது அவரிடம் ஏஸும் ராணியும் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. இந்த நுட்பத்தை ஒரே மாலையில் புரியவைக்க டம்மியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எதிரணிக்கும் ஆயுதம் உண்டு. டம்மி உங்கள் இடப்பக்கம் இருந்தால், அது பலமாக இருக்கும் இனத்தில் இறங்குங்கள். டம்மியில் டைமன் ராஜா, 10, 3 என்றால், மேற்கு ஒரு சின்ன டைமனை இறக்கலாம். டம்மி ராஜாவைப் போட்டால் கிழக்கின் ஏஸ் பிடித்துக்கொள்ளும். சின்னதைப் போட்டால் கிழக்கு ஏஸை வைத்துக்கொண்டு வேறு சீட்டால் முயலலாம். டம்மி வலப்பக்கம் இருந்தால் நேர்மாறு: அது கடைசியாகப் போடும், ஆகவே அதில் பலமில்லாத இனமாகப் பார்த்து இறங்குங்கள்.

படி 5: புள்ளி

முதல் 6 பிடிக்குப் புள்ளி இல்லை. அதற்கு மேல் பிடிக்கு ஒன்று. 8 பிடித்தால் 2 புள்ளி. எதிரணி ஜெயித்தால் அந்தப் புள்ளி இருவருக்கும் தனித்தனியே முழுதாகச் சேரும். பழைய ஆட்டத்தில் ஒரு ரப்பர் முழுக்க ஒருவரிடமே டம்மி இருக்கும். புதியவர்களுக்கு ஒவ்வொரு கை முடிந்ததும் மாற்றுவதே நல்லது. அடுத்து மேற்குக்கு டம்மி என்றால், கிழக்கில் இருப்பவர் எழுந்து வடக்கு இருக்கைக்குப் போனால் போதும்; கிழக்கு காலியாகி டம்மியின் இடமாகிவிடும்.

பிரிட்ஜில் என்ன வித்தியாசம்?

1886-இல் லண்டனில் வெளியான ஒரு சிறு விதிப்புத்தகம் பிரிட்ஜின் மூதாதையான 'பிரிட்ச்' ஆட்டத்தை விவரிக்கிறது. அதில் நாலு பேரும் இருக்கும்போதே ஒருவர் தன் கையை விரித்து வைத்துவிட்டு ஒதுங்குகிறார். இன்றைய பிரிட்ஜில் எதிரணி முதல் சீட்டை இறக்கிய பிறகுதான் டம்மி விரிக்கப்படும். மூன்று பேர் விஸ்டில் ஆட்டம் தொடங்கும் முன்பே விரித்துவிடுகிறோம்.

இரண்டு பேர்தான் என்றால்

ஆளுக்கொரு டம்மி. இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். அவரவர் எதிரே அவரவர் டம்மி. உங்கள் கை, இரண்டு டம்மி என்று 39 சீட்டு கண்ணுக்குத் தெரிகிறது. மீதி 13 எதிராளியிடம்தான். மறைவு என்று எதுவுமே இல்லாததால் இது கிட்டத்தட்ட சதுரங்கம் போலாகிவிடும். ஒரு கைக்கு அரை மணி நேரம் யோசிக்கிறவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் விட்ஃபெல்ட் 1885-இல் இதே முறையில் ஒரு புதிர் வெளியிட்டார்: கைக்கு 6 சீட்டு மட்டும், நாலு கையும் திறந்தே இருக்கும், ஒரு அணி ஆறு பிடியையும் எடுக்க வேண்டும்.

தனி ஆளாகப் பழக நினைப்பவர்களும் அவர் வழியையே எடுத்துக்கொள்ளலாம். கலைத்த கட்டிலிருந்து நாலு கைக்கும் ஆறாறு சீட்டு போட்டு, எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். ஒரு இனத்தைத் துருப்பாக வைத்து, தெற்கு அதிகபட்சம் எத்தனை பிடி எடுக்கலாம் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு எதிரணிக்கும் முழு மனதோடு நல்ல சீட்டையே தேர்ந்து, ஆடிப் பாருங்கள்.