கல்யாண ஜவுளி எடுக்கப் போகும் முன்: பட்டு, தோல், ரோமம்

தை பிறந்தால் முகூர்த்தம், முகூர்த்தம் என்றால் ஜவுளி. பட்டுக்கடைக்குள் நுழைந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்காது, அதனால் கிளம்பும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். ஒரு உயிரைக் கொன்று எடுத்ததை உடுத்தலாமா என்று ஒரு தடவையாவது மனது உறுத்தியவர்களுக்காக எழுதுகிறேன். நான் பன்னிரண்டு வருடமாகப் புதுப் பட்டு வாங்குவதில்லை, ஆனால் பழைய பட்டை இன்றும் கட்டுகிறேன். தோல் செருப்பு விஷயத்தில் என் முடிவு வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போட்டு என்னால் நடக்க முடியவில்லை, ஒவ்வொரு பொருளாகத்தான் பார்த்தேன், நீங்களும் அப்படியே பாருங்கள்.

முதலில் பட்டு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புழு மல்பெரி இலையைத் தின்று, நான்கு தடவை தோலுரித்து, சுமார் 25 நாளில் முதிர்ந்துவிடும். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் நூல் உமிழ்ந்து தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். உள்ளே கூட்டுப்புழுவாக மாறி, பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வர வேண்டும். வரவிட்டால் அது ஒரு திரவத்தைச் சுரந்து கூட்டில் ஓட்டை போட்டுவிடும், ஒரே இழையாக ஓடும் நூல் துண்டு துண்டாகிவிடும். அதனால்தான் அதற்கு முன்பே ஆவியிலோ வெந்நீரிலோ புழுவைக் கொன்றுவிடுகிறார்கள்.

தருமபுரிப் பக்கம் ஒரு நூற்பு ஆலைக்குள் போய் ஒரு காலைப்பொழுது நின்றிருக்கிறேன். கொதிக்கும் தொட்டியில் மொச்சைக்கொட்டை மாதிரி கூடுகள் மிதக்கின்றன, ஒரு அம்மா வெந்துபோன விரல்களால் நூல் நுனியைத் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், நூல் இழுபட இழுபடக் கூடு தண்ணீரில் துள்ளிச் சுழல்கிறது. மெல்ல மெல்ல அது மெலிந்து, கடைசியில் கண்ணாடிக் காகிதம் போல் ஆகிவிட்ட உறைக்குள் பழுப்பாய்ப் புழு தெரிகிறது. மூலையில் அந்தப் புழுக்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன, கோழித் தீவனத்துக்குப் போகுமாம். அந்த வாடை அன்று சாயங்காலம் வரை என் துணியில் இருந்தது. உங்களால் முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு பட்டு வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

அப்புறம் கணக்குப் போடுங்கள். புதிதாக எடுத்த, காயாத கூடு ஒரு கிலோவில் ஏறக்குறைய 600 கூடுகள் இருக்கும், ஒரு கிலோ கச்சாப் பட்டு நூலுக்கு ஆறரை ஏழு கிலோ கூடு வேண்டும், அதாவது சுமார் 4,000 புழு. அந்த நூலையும் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்கும்போது கால்வாசி எடை போய்விடும். ஜரிகையைக் கழித்துவிட்டு அரைக் கிலோ பட்டு இருக்கிற சேலைக்கு இரண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரம் புழு ஆகிறது. இதைவிடப் பல மடங்கு பெரிய எண்களையும் சொல்வார்கள், அவற்றை நம்பத் தேவையில்லை, மூவாயிரமே போதும்.

இப்போது செய்ய வேண்டியது. எல்லாரும் முகூர்த்தப் புடவையில்தான் சண்டையை ஆரம்பிக்கிறார்கள், அது தப்பு. முகூர்த்தப் புடவையில் அம்மாவின் ஆசை, பாட்டியின் ஆசை, பெண்ணின் ஆசை எல்லாம் சேர்ந்து கிடக்கும், அங்கே கை வைத்தால் வீடே இரண்டாகும். சீர்ப்புடவைகளில் தொடங்குங்கள். நாத்தனாருக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, சம்பந்தியம்மாவின் அக்காவுக்கு ஒன்று என்று கணக்குக்காக எடுக்கிற பத்துப் பதினைந்து பட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் பாதிக்கு மேல் பீரோவில் கிடந்து அடுத்த கல்யாணத்தில் கை மாறிப் போகிறவை. யாரும் ஆசைப்பட்டுக் கேட்காதவை. பத்துப் புடவை என்றால் முப்பதாயிரம் உயிர். அவற்றை நல்ல கைத்தறிப் பருத்தியாக மாற்றினாலே உங்கள் வீட்டுக் கல்யாணத்தின் கணக்கில் பெரும்பகுதி இறங்கிவிடும், ஒருவர் முகமும் கோணாது.

முகூர்த்தத்துக்கே பட்டு வேண்டாம் என்று பெண் நினைத்தால், நான் சொல்வது பாட்டியின் பீரோ. ஏற்கெனவே நெய்த பட்டைக் கட்டுவதால் புதிதாக ஒரு புழுவும் சாகப் போவதில்லை. அந்தக் காலத்துக் காஞ்சிப் பட்டின் கனம் இப்போது காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காது. மடிப்பு விழுந்த இடத்தில் இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், விட்டிருந்தால் டார்னிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், பிறகு ரோல் பாலிஷ். உடல் நைந்து கரையும் முந்தியும் நன்றாக இருந்தால் அவற்றைப் பிரித்துப் பருத்தி உடலில் வைத்துத் தைக்கலாம். பழைய ஜரிகைக்கு நல்ல விலை தருகிறேன் என்று வாசலில் வந்து கேட்பவரிடம் மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வைத்திருக்கும் பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள், பருத்தித் துணியில் சுற்றி.

சரி, "அஹிம்சா பட்டு" வாங்கலாமே என்பீர்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆந்திரக் கைத்தறித் துறை அலுவலர் குசுமா ராஜய்யா இதைத் தொடங்கினார். புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டு உண்டா என்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி கேட்டதுதான் தூண்டுதல் என்பார்கள். பூச்சி வெளியே வந்த பிறகு மிஞ்சும் ஓட்டைக் கூட்டைப் பஞ்சு நூற்பது போல் நூற்பார்கள். நல்ல முயற்சி, எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒன்று, மல்பெரிப் பட்டுப்பூச்சி மனிதன் ஆயிரக்கணக்கான வருடம் வளர்த்து வளர்த்துப் பறக்கத் தெரியாமல் போனது. வெளியே வந்தாலும் ஒன்றும் தின்னாது, இணை சேர்ந்து, முட்டை இட்டு, சில நாளில் செத்துவிடும். இரண்டாவது, பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். அதைத் தடுக்க, முட்டை தயாரிக்கும் நிலையங்களில் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், லூயி பாஸ்டர் 1860-களில் பிரான்சில் கொண்டுவந்த முறை இது. ஆக, புழு வளர்க்க முட்டை வாங்கிய இடத்திலேயே சாவு தொடங்கிவிடுகிறது. அஹிம்சா பட்டில் சாவு வெகுவாகக் குறைகிறது, முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

கடையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நூற்ற நூல் என்பதால் அங்கங்கே சின்ன முடிச்சும் தடிப்பும் இருக்கும், பளபளப்பு மங்கலாக இருக்கும், கையில் கொஞ்சம் பருத்தி மாதிரி படும். கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டு, இழை ஒரே சீராக ஓடி, விலையும் சாதாரணப் பட்டு விலையிலேயே இருந்தால் அது அஹிம்சா பட்டாக இருக்க வழியில்லை. நான் இப்படித்தான் ஏமாந்தேன். ஒரு பெரிய கடையில் அட்டையில் அழகாக எழுதி வைத்திருந்ததை நம்பி வாங்கி, அடுத்த மாதம் நெசவு தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு இழையை உருவி விரலில் ஓட்டிவிட்டு, "இது வேகவச்சு எடுத்த நூல்தாம்மா" என்றார். நான் கடையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூல் இழுத்ததா, நூற்றதா? பதில் சொல்லத் தெரியாவிட்டால் எழுந்துவிடுங்கள். சில்க் மார்க் முத்திரையைக் காட்டுவார்கள். அது 2004-இல் வந்தது, சுத்தமான பட்டு என்று மட்டும்தான் அது உறுதி சொல்கிறது, புழு என்ன ஆனது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எரி பட்டு என்று அசாம், மேகாலயாவிலிருந்து வருவதும் உண்டு. ஆமணக்கு இலை தின்னும் புழு. கூட்டின் ஒரு முனை இயல்பாகவே திறந்திருப்பதால் பூச்சி நூலைக் கெடுக்காமல் வெளியே வர முடியும். ஆனால் அங்கே அந்தக் கூட்டுப்புழு உணவு, விரும்பிச் சாப்பிடுவார்கள், அதனால் எரி என்று எழுதியிருந்தாலே கொல்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டஸ்ஸர், மூகா என்ற மற்றப் பட்டு வகைகளும் பெரும்பாலும் கொன்று எடுப்பவைதான்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். சில்க் காட்டனில் பட்டு இருக்கிறது, கோவை கோரா காட்டனிலும் பட்டு இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஆர்ட் சில்க் என்பது மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் அல்லது பாலியஸ்டர். செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி, நெகமம், இவை வழக்கமாகப் பருத்திதான். சந்தேகம் வந்தால் முந்திக் குஞ்சத்திலிருந்து ஒரு இழை, குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஒரு இழை என்று இரண்டையும் உருவிப் பற்ற வையுங்கள், ஏனென்றால் நெடுக்கே ஓடும் பாவு பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் நெய்வது சகஜம். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரிகிற வாடை. பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும், சூடு ஆறாமல் தொட்டுவிடாதீர்கள்.

பட்டை விட்டுவிட்டுப் பாலியஸ்டருக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு, நெசவாளரையும் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புழுவின் சாவில் லாபம் இல்லை, கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வை போட்டே முதுகு வளைந்தவர்கள் அவர்கள். பட்டுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே கைத்தறிப் பருத்திக்குக் கொடுங்கள். தள்ளுபடிக்குக் காத்திருக்காமல், 1935-இலிருந்து இருக்கிற கோ-ஆப்டெக்ஸிலோ நேராக நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ எடுங்கள். நல்ல பருத்தியும் மலிவாகக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

தோலுக்கு வருகிறேன். நம் ஊர்த் தோல் பெரும்பாலும் ஆடு, மாடு, எருமை, கறிக்காக வெட்டப்பட்டவை. தோலுக்காகவே கொல்வது இல்லை என்பது உண்மைதான், ஆனால் தோலின் விலையும் அந்த வியாபாரத்துக்குள் போகிறது என்பதும் உண்மை. கறி சாப்பிடும் ஒருவர் தோல் செருப்பு போடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். என்னை அதிகம் வருத்துவது பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதற்காகப் போன வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. ஆட்டுக்கு மட்டும் இரங்கி அங்கே கிணற்றை இழந்த மனிதரை விட்டுவிட முடியாது. அதற்கு மாற்றாக ரெக்சின் செருப்பு வாங்கினால், நம் ஊர் ஈரத்தில் இரண்டு மூன்று மழைக்காலத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரிந்து குப்பைக்குப் போகும். நான் செய்வது, ஒரே ஒரு தோல் செருப்பு, தையல் விட்டால் தைத்து, அடி தேய்ந்தால் அடி மாற்றி, ஒன்பதாவது வருடமாக ஓடுகிறது. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கிடைக்குமா என்று கேளுங்கள், திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கத்துப் பழைய முறை அது. தோலே வேண்டாம் என்றால் கான்வாஸும் ரப்பரும். செருப்பு வாரின் உள்பக்கத்தைப் பாருங்கள், நார் நாராக இருந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்சின்.

ரோமக் கோட்டு நம் வெயிலில் யாருக்கும் தேவைப்படாது. மிங்க், நரி, சின்சில்லா ஆகிய விலங்குகளின் ரோமத் தோல்களை இறக்குமதி செய்ய இந்தியா 2017-இலேயே தடை போட்டுவிட்டது. டொராண்டோ, லண்டன், ஆஸ்லோவில் இருக்கும் நம்மவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. ரோமத்துக்காகவே கூண்டில் வளர்த்துக் கொல்வதில் தோலுக்குச் சொல்கிற சமாதானம்கூடச் சொல்ல முடியாது. 2020-இல் டென்மார்க்கில் கொரோனா பரவியதால் 1.5 கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொன்றார்கள், ஒரு சின்ன நாட்டில் அத்தனை மிங்கு கூண்டுகளில் இருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. குளிர்கோட்டுத் தொப்பியின் ஓரத்து ரோமம் நிஜமா என்று பார்க்க, அதை விலக்கி அடியைப் பாருங்கள். தோல் தெரிந்தால் நிஜம், துணி தெரிந்தால் போலி. சீட்டை நம்ப வேண்டாம், போலி என்று விற்றது நிஜமாக இருந்த கதை பிரிட்டனில் வெளிவந்திருக்கிறது. கம்பளி வாங்கினால் மெரினோ ஆட்டின் பின்பக்கத் தோலை அறுக்காத பண்ணையிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அந்தப் பழக்கத்தை நியூசிலாந்து 2018-இல் தடை செய்தது.

புலிநகச் சங்கிலியும் யானை முடி மோதிரமும் வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாகனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துக் குழந்தைக்கு யானை முடி வாங்குபவர்கள், அது யானையின் வாலிலிருந்து பிடுங்கியது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, வீட்டில் எப்படிச் சொல்வது. தங்கை கல்யாணத்தில் நான் செய்த தப்பு, ஜவுளிக்கடையில் எல்லாரும் பாயில் உட்கார்ந்த பிறகு பேச ஆரம்பித்தது. பெரியம்மா புடவையைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்திப் பேசாதடி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு மாதம் முன்பே, வீட்டில், காபி நேரத்தில் பேசியிருக்க வேண்டும். பெரியவர்களிடம் மூவாயிரம் கணக்கைவிட, பட்டை விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டவர் காஞ்சிப் பெரியவர் என்பது அதிகம் எடுபடும். மடி ஆசாரத்துக்குப் பட்டுதான் என்று சொன்னால், நனைத்து உலர்த்திய பருத்தியும் மடிதானே என்று கேளுங்கள், அவர்கள் பாட்டி அதைத்தான் கட்டியிருப்பார். தங்கை கடைசியில் அம்மாவின் அரக்கு நிற முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியம்மாவுக்கு அவர் கேட்ட பட்டையே எடுத்துக் கொடுத்தோம். சீர்ப்புடவை பதினொன்றையும் சுங்குடியாகவும் கண்டாங்கியாகவும் எடுத்தோம். போன மாதம் பெரியம்மா போன் செய்து, அந்தக் கண்டாங்கியை எந்தக் கடையில் எடுத்தாய், இன்னும் இரண்டு வேண்டும் என்றார்.